194-க்குக் கிண்டி கிடைக்குமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, கணிதப் பிரிவில் படித்த பிள்ளை இருக்கும் வீடுகளிலெல்லாம் ஒரே கணக்குதான் ஓடும். கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மூன்றையும் கூட்டினால் 200-க்கு ஓர் எண் வரும், அதுதான் கட்-ஆஃப். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த எண் பக்கத்து வீட்டு மாமா, டியூஷன் சார், சித்தப்பாவோடு வேலை பார்ப்பவர் என்று ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். "194 வருதுங்க. அண்ணா யுனிவர்சிட்டி கெடைக்குமா?"

பதிலுக்கும் பஞ்சம் இருக்காது. "எங்க பெரியவனுக்குப் போன வருஷம் 195. அவனுக்கே கெடைக்கல. வேற காலேஜ் பாருங்க" என்பார் ஒருவர். "அதெல்லாம் கெடைச்சிரும்" என்பார் இன்னொருவர். எந்தப் படிப்பு, எந்த வளாகம், எந்தப் பிரிவு என்று இருவருமே கேட்டிருக்க மாட்டார்கள். இதையெல்லாம் கேட்காமல் சொல்லும் பதிலை நம்பி ஒரு குடும்பம் அடுத்த வாரமே தனியார் கல்லூரி ஒன்றில் அட்வான்ஸ் கட்டிவிட்டு வருகிறது. அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முதலில் அந்த 194-ஐயே பார்ப்போம். அது நிலையான எண் அல்ல. 2023-ல் மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதத்தில் சென்டம் வாங்கியவர்கள் 690 பேர், இயற்பியலில் 812, வேதியியலில் 3,909. அடுத்த வருடம் கணிதத்தில் சென்டம் 2,587 ஆக எகிறியது. ஆனால் வேதியியலில் 471 ஆகச் சரிந்தது. 2025-ல் கணிதத்தில் 3,022, இயற்பியலில் 1,125, வேதியியலில் 3,181. பிள்ளைகள் ஒரு வருடம் அறிவாளிகளாகி மறுவருடம் மக்காகிவிடவில்லை. வினாத்தாளும் திருத்தும் விதமும் மாறினால் சென்டம் மாறும், சென்டம் மாறினால் கட்-ஆஃப் மாறும், அவ்வளவுதான். பொறியியல் தரவரிசையில் முழுசாக 200-க்கு 200 வைத்திருந்தவர்களின் எண்ணிக்கை 2023-ல் 102, 2024-ல் 65, 2025-ல் 144. கணிதத்தில் அத்தனை சென்டம் விழுந்த 2024-ல்தான் 200 வாங்கியவர்கள் குறைவு. வேதியியல் கழுத்தைப் பிடித்துவிட்டது.

போட்டியிடும் கூட்டமும் பெருகிக்கொண்டே போகிறது. தரவரிசைப் பட்டியலில் 2023-ல் ஏறக்குறைய 1.79 லட்சம் பேர். 2024-ல் கிட்டத்தட்ட 2 லட்சம். 2025-ல் 2.41 லட்சத்துக்கும் மேல். ஆக, 2024-ன் 194-ம் 2025-ன் 194-ம் பெயரளவில்தான் ஒன்று. வேதியியல் சுலபமாகி, கூட்டமும் கூடிய வருடத்தில் அதே 194 வரிசையில் பின்னால் தள்ளப்பட்டுத்தான் இருக்கும். போன வருடக் கட்-ஆஃபை வைத்து இந்த வருடத்துக்குச் சோதிடம் சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

2021 பட்டியலை யாராவது நீட்டினால் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொரோனா காரணமாக அந்த வருடம் பிளஸ் டூ பொதுத் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். அந்த வருடக் கட்-ஆஃபோடு பொதுத் தேர்வு எழுதிய வருடத்தை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அரை மதிப்பெண்ணின் எடையையும் சொல்ல வேண்டும். மூன்று பாடத்துக்கும் மதிப்பெண் முழு எண்ணில்தான் வரும். இரண்டு பாடத்தைப் பாதியாக்குவதால் கட்-ஆஃப் அரை அரையாகத்தான் ஏறும், இறங்கும். 2023-ல் முதல் சுற்றுக் கவுன்சலிங்குக்கு 200 முதல் 177 வரை இருந்த 22,761 பேரை அழைத்தார்கள். இருநூறுக்கும் நூற்று எழுபத்தேழுக்கும் இடையே இருப்பது 47 படிகள். சராசரி போட்டால் ஒரு படியில் ஏறத்தாழ 480 பேர். உச்சியில் கூட்டம் குறைவு, இறங்க இறங்க நெரிசல். "அரை மார்க்ல போச்சு" என்று பிள்ளை அழுவதைப் பெரியவர்கள் மிகையாக நினைப்பதுண்டு. அந்த அரைக்குள் சில நூறு பேர் நிற்கிறார்கள்.

ஒரே படியில் நிற்பவர்களுக்குள்ளும் வரிசை உண்டு. கணிதத்தில் 98, இயற்பியலில் 95, வேதியியலில் 97 வாங்கியவருக்கு 194. கணிதத்தில் 96, மற்ற இரண்டிலும் 98 வாங்கியவருக்கும் 194. முதலாமவர்தான் முன்னால். சமமாக வந்தால் முதலில் பார்ப்பது கணித மதிப்பெண்ணை, அதன் பிறகு இயற்பியலை. அப்புறமும் முடிச்சு அவிழாவிட்டால் பிறந்த தேதி உட்பட வேறு சில அளவுகோல்கள், கடைசியில் ரேண்டம் எண் என்று போகும். விண்ணப்பித்த பிறகு ஒதுக்கப்படும் அந்த நீளமான ரேண்டம் எண்ணைப் பார்த்துப் பதறும் பெற்றோர் உண்டு. அது பெரும்பாலானவர்கள் விஷயத்தில் வேலைக்கே வராது.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு வேறு கணக்கு என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஒவ்வொரு பாடத்திலும் அந்தந்த வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணைச் சமமாக்கிவிட்டு அதற்கேற்ப மற்ற மதிப்பெண்களை மாற்றும் முறை இருப்பது உண்மை. இரண்டு வாரியத்திலும் உச்சம் நூறாக இருக்கும்போது அதனால் எதுவும் மாறாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ரேங்க்கை. கல்லூரியில் இருக்கும் இடங்களை எண்ணித்தான் கொடுக்கிறார்கள், மதிப்பெண்ணை அளந்து கொடுப்பதில்லை. போன வருடம் ஒரு படிப்பு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பதைவிட எந்த ரேங்க்கில் முடிந்தது என்பது எவ்வளவோ நம்பகமானது. வினாத்தாள் கடினமோ சுலபமோ, ஆயிரமாவது ஆள் ஆயிரமாவது ஆள்தான். தரவரிசைப் பட்டியல் வரும்வரை சொல்லப்படும் எல்லா ஆரூடமும் பொழுதுபோக்கு. பட்டியல் வந்த பிறகு, கவுன்சலிங் தளத்தில் முந்தைய வருடங்களின் ஒதுக்கீட்டு விவரங்களை எடுத்துவைத்து உட்கார்ந்தால் ஓரளவுக்குத் தெளிவு கிடைக்கும். ரேங்க்கும் ஆடும். ஒரு படிப்பில் இடங்களைக் கூட்டினாலோ, திடீரென்று எல்லோரும் ஒரே படிப்பின் பின்னால் ஓடினாலோ ஆடும். கிண்டியில் மெக்கானிக்கல் கிடைத்ததைத் தெருவுக்கே சொல்லிக் கொண்டாடிய தலைமுறையின் பிள்ளைகள் இன்று கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காத துக்கத்தில்தான் மெக்கானிக்கலை எடுக்கிறார்கள்.

ரேங்க்கிலும் இரண்டு உண்டு, பொது ரேங்க், சமுதாய ரேங்க். இங்கேதான் படித்த பெற்றோர்களே சறுக்குகிறார்கள். நூறு இடம் என்றால் பொதுப்போட்டிக்கு 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மத்தியக் கவுன்சலிங்கில் இருக்கும் இ.டபிள்யூ.எஸ். இங்கே கிடையாது. "நாங்க பி.சி., எங்களுக்கு 26.5 தானே" என்பார்கள். இல்லை. அந்த 31-ம் எல்லோருக்கும் பொது. முன்வரிசையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. மாணவர்கள் அந்த 31-லேயே இடம் பிடிக்கிறார்கள். அவர்கள் அங்கே போகப்போக, சமுதாயப் பிரிவின் இடங்கள் வரிசையில் இன்னும் கீழே இருப்பவர்களுக்கு நகர்கின்றன. பொதுப்போட்டிக் கட்-ஆஃபை மட்டும் பார்த்துவிட்டு, "நமக்கு எட்டாது" என்று எழுந்து போகும் குடும்பங்கள் தங்கள் பிரிவின் கடைசி ரேங்க்கைப் பார்ப்பதே இல்லை.

இதைவிடவும் வருத்தம் தருவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கதை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு உண்டு. அவர்களுக்குத் தனி வரிசை. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். அந்த வரிசையில் அண்ணா பல்கலைக்கழக வளாகங்களின் இடங்கள் பொது வரிசையைவிடக் கணிசமாகக் கீழே வரை போகின்றன. ஆனால் ஒன்றிய அளவில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவிக்கு இதை எடுத்துச் சொல்ல வீட்டில் யாரும் இருப்பதில்லை. பிரவுசிங் சென்டரில் சாய்ஸ் போட்டுக் கொடுப்பவர் பொதுக் கட்-ஆஃப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கிண்டியெல்லாம் கெடைக்காதும்மா, பக்கத்துலயே போடுறேன்" என்கிறார். பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்கும் கல்லூரியைப் போட்டுப் பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார். விண்ணப்பிக்கவே செய்யாத இடத்தை யாரும் மறுக்க முடியாது. அதனால் இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

சாய்ஸ் என்ற பொறி

வாய்ப்பைத் தப்பாகக் கணிப்பது ஒரு தப்பு. கணித்ததை வைத்துச் சாய்ஸ் பட்டியலை அடுக்குவது அதைவிடப் பெரிய தப்பு. இது புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூவிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, ஆக மொத்தம் 300-க்குக் கட்-ஆஃப். இன்றைய அப்பாக்களில் பலர் அந்த 300-ன் ஆட்கள். "என் காலத்துல 280-க்கே" என்று அவர்கள் ஆரம்பித்தால் பிள்ளைகள் விழிப்பதற்குக் காரணம் இதுதான். கிராமத்து மாணவர்கள் நுழைவுத் தேர்வில் பின்தங்கிப் போவதைக் காட்டி, 2006-ல் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு அதைக் கைவிடச் சொன்னது. 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு இல்லை.

ஆனால் கவுன்சலிங் மட்டும் 2017 வரை நேரில்தான். கிண்டி வளாகத்துக்கு இரவு பஸ்ஸில் கிளம்பி வந்து, பல் தேய்த்தும் தேய்க்காமலும் வரிசையில் நின்ற குடும்பங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உள்ளே திரையில் எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில், எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதி என்று ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் முறை வரும்போது மிச்சம் இருப்பதில் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் கடிதம் கையில். அங்கே கணிப்புக்கு வேலையே இல்லை. இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

2018-ல் எல்லாம் ஆன்லைனுக்கு மாறியது. இப்போது மிச்சம் என்ன இருக்கும் என்று தெரியாமலே, விருப்பங்களை வரிசையாக எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நேரில் போன அனுபவத்தை வைத்துக்கொண்டு அண்ணன்மார்களும் மாமாக்களும் சொல்லும் அறிவுரை இந்த முறைக்குப் பொருந்தாது. "கிடைக்காததை முதல்ல போட்டா சாய்ஸ் வேஸ்ட்டாயிடும், கிடைக்கிறதை மேல போடு" என்கிறார்கள். நேர் கவுன்சலிங்கில் கை ஒரு தடவைதான் நீட்ட முடியும் என்ற பழைய பயம் அது.

உண்மையில் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வந்ததும் உங்கள் பட்டியலின் முதல் விருப்பத்தைப் பார்க்கிறது. பொதுப்போட்டியிலோ உங்கள் சமுதாயப் பிரிவிலோ இடம் இருந்தால் அது உங்களுடையது. இல்லாவிட்டால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்குகிறது. நீங்கள் முதல் பத்தில் எட்டாத இடங்களைப் போட்டிருந்தாலும் பதினோராவது விருப்பத்துக்கான உங்கள் உரிமை துளிகூடக் குறையாது. உங்களுக்குப் பின்னால் இருப்பவர் அதை முதல் விருப்பமாகப் போட்டிருந்தாலும் உங்களைத் தாண்ட முடியாது. வரிசையை முடிவு செய்வது ரேங்க் மட்டும்தான்.

ஆக, பட்டியலின் மேல்பகுதியை அடுக்க வாய்ப்புக் கணக்கே தேவையில்லை. ஆசைப்படும் வரிசையிலேயே எழுதலாம், எழுதவும் வேண்டும். கணக்கு தேவைப்படுவது அடியில். பட்டியலை எங்கே நிறுத்தலாம், எது வரை போனால் நிச்சயம் ஏதோ ஒன்று கிடைக்கும் என்பதற்கு மட்டும். இதை மட்டும் ஒரு பிள்ளை புரிந்துகொண்டால், காசு வாங்கிக்கொண்டு சாய்ஸ் பட்டியல் தயாரித்துத் தரும் ஆலோசகர்களில் பாதிப் பேருக்கு வேலை போய்விடும். போகட்டும்.

பாதுகாப்பான கல்லூரியை மேலே போட்டவர்களுக்கு இன்னொரு இடியும் உண்டு. இடம் ஒதுக்கியதும், ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன், மறுத்துவிட்டு மேலே காத்திருக்கிறேன் என்றெல்லாம் தேர்வு செய்யச் சொல்வார்கள். "அப்வர்டு" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முன்னால் இருப்பவர்கள் விலகிக் காலியாகும் இடத்துக்கு உங்களை நகர்த்துவார்கள். ஆனால் நகர்த்துவது உங்கள் பட்டியலில், ஒதுக்கப்பட்டதற்கு மேலே இருக்கும் விருப்பங்களுக்கு மட்டும். பக்கத்து ஊர்க் கல்லூரியை ஒன்றாம் எண்ணிலும் கிண்டியை ஐந்தாம் எண்ணிலும் போட்டவருக்கு நகர மேலே எதுவுமே இல்லை.

எண்களைத் தட்டும்போதும் கவனம் வேண்டும். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் எண் 1, ஏ.சி.டெக் எனப்படும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 2, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4. கோவை அரசுப் பொறியியல் கல்லூரி 2005, பி.எஸ்.ஜி. டெக் 2006, சி.ஐ.டி. 2007. ஒரு இலக்கம் பிசகினால் ஒரு கல்லூரி பிசகும். பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகும் அப்பாக்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

எது அண்ணா யுனிவர்சிட்டி?

"அண்ணா யுனிவர்சிட்டி கெடைச்சிருச்சு" என்று இனிப்பு கொடுத்த பிறகு, அது வேறொரு ஊரில் இருக்கும் உறுப்புக் கல்லூரி என்று தெரியவந்த வீடுகள் உண்டு. உறுப்புக் கல்லூரிகளும் மண்டல வளாகங்களும் மட்டமானவை அல்ல, கட்டணமும் குறைவு. ஆனால் மக்கள் மனதில் இருக்கும் அந்தப் பெயர் சென்னையின் பல்கலைக்கழகத் துறைகளுக்கு உரியது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி, 1944-ல் வந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1949-ல் குரோம்பேட்டையில் தொழிலதிபர் ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி., கட்டடக்கலைக்கான பள்ளி. இவற்றைச் சேர்த்துத்தான் 1978-ல் பல்கலைக்கழகம் உருவானது. நில அளவையில் தொடங்கிய கல்லூரியில் இன்றைக்கும் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் படிப்பு இருக்கிறது. அதைப் பலரும் கம்ப்யூட்டர் படிப்பு என்று நினைத்து எடுத்துவிட்டு, இரண்டாம் வருடத்தில் வெயிலில் கருவியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது முழிப்பார்கள்.

பத்திருபது மதிப்பெண் வித்தியாசத்தில் வீடு இரண்டாகும் விவாதமும் இங்கேதான். கிண்டியில் பிரின்டிங் அண்டு பேக்கேஜிங்கா, கோவையில் நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா? ஏ.சி.டெக்கில் லெதரா, மதுரையில் எலக்ட்ரானிக்ஸா? எந்தப் பட்டியலும் இதற்குப் பதில் சொல்லாது. வளாகத்தின் பெயருக்காக, பிடிக்காத படிப்பை எடுத்துவிட்டு நாலு வருடம் வேறு துறை வேலைக்குத் தயாராகும் வழக்கம் பெருகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். அதே சமயம் லெதர், செராமிக், ரப்பர், டெக்ஸ்டைல் என்றாலே முகம் சுளிப்பதும் அசட்டுத்தனம். ஏ.சி.டெக்கின் லெதர் படிப்புக்குப் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அப்படி ஒரு துணை கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தும் எத்தனை கல்லூரிகளுக்கு உண்டு? 2010 முதல் தமிழ் வழியில் நடக்கும் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கிண்டி வளாகத்துக்குள் நுழைய அது கொஞ்சம் அகலமான வாசல். ஆனால் பாடத்தில் உண்மையான ஈடுபாடு இருப்பவர்கள்தான் அந்த வழியில் வரவேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜொஹராவின் நகைகளை அடகு வைத்துத்தான் சேர்ந்ததாக அப்துல் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்று அரசு வளாகத்தில் சேர நகை தேவைப்படுவதில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. நகை போவது வேறு இடத்தில். மே மாதம், "சீட் முடிந்துவிடும்" என்று போன் வந்ததும் பதறிப்போய்க் கட்டும் அட்வான்ஸில். கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்த பிறகு அதைத் திருப்பி வாங்க அலையும் அலைச்சல் தனிக் கதை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று கட்டுவதற்கு முன், தரவரிசை வரும்வரை பொறுக்க முடியுமா என்று குடும்பம் உட்கார்ந்து பேசுவது நல்லது. சில வீடுகளில் பொறுக்க முடியாது என்பதும் புரிகிறது. பிள்ளையின் ஒரு வருடம் என்று வரும்போது யாருக்கும் கை நடுங்கும்.

இத்தனைக்குப் பிறகும் கணக்கில் அடங்காத ஒன்று இருக்கிறது. முன்வரிசைப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் மூன்று வாசலில் நிற்கிறார்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்களுக்கான ஜோசா கவுன்சலிங் ஒரு பக்கம், மருத்துவம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். மூன்றின் தேதிகளும் ஒத்துப்போவதில்லை. 2022-ல் நீட் முடிவுக்காகப் பொறியியல் கவுன்சலிங்கையே தள்ளிவைத்தார்கள். இடம் கிடைத்தவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் சேராவிட்டால் ரத்து, அந்த இடம் அப்வர்டு கேட்டவருக்கு என்ற விதியெல்லாம் இதற்காக வந்ததுதான். சுற்றுகள் நடக்கும்போது விலகினால் அந்த இடம் அடுத்தவருக்கு நகர்ந்துவிடும். எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு கிண்டியில் சேர்ந்த ஒருவர் மருத்துவம் கிடைத்துக் கிளம்பினால், அதே படிப்புக்காக அப்வர்டில் காத்திருந்து வேறு ஊரில் சேர்ந்துவிட்ட 194 கட்-ஆஃப் பிள்ளையை யாரும் போன் போட்டுக் கூப்பிட மாட்டார்கள். அந்த நாற்காலி அந்த வருடத்துக்குக் காலிதான்.